செமினரி ஆயரைத் தயாரிக்கிறது, மூப்பரை யார் தயாரிப்பது?

மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. முடித்தவர், இந்த முறை சபைக் கமிட்டிக்கும் தேர்வாகியிருக்கிறார். முழுநேர ஊழியத்துக்குப் போகும் எண்ணம் இருக்கிறது. "பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இருந்தால் போதும், செமினரிக்குப் போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும்" என்று ஒரு நண்பர் சொல்கிறாராம். "படித்தால் பிரஸ்பிட்டேரியன் செமினரியில் படி, சபைத் தலைவர்களை உருவாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்" என்று இன்னொருவர் சொல்கிறாராம். ஆயர்களைப் பயிற்றுவிக்கும் அந்தச் செமினரிகள் அப்படி என்னதான் செய்கின்றன, நம்ம குமரி மாவட்டத்துக்கு அதில் என்ன இருக்கிறது, நான் போகலாமா என்பது அவர் கேள்வி.

இறையியல் கல்லூரியில் நீண்ட காலம் பாடம் நடத்தியவன் நான். இப்போது நாகர்கோவிலில் ஒரு சபையில் சாதாரண உறுப்பினன். இரண்டு பக்கமும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிரஸ்பிட்டேரியன் செமினரிகளின் பெயர் பெரிய பெயர்தான், தகுதியோடு வந்த பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்தது செமினரி மட்டும் இல்லை. அதைச் சுற்றி மூன்று பேர் நிற்கிறார்கள்: மாணவனை அனுப்பும் சபை, அவனைப் பரீட்சை செய்யும் சங்கம், நாளை அவன் பக்கத்தில் சமமாக உட்காரப்போகும் மூப்பர்கள். இந்த மூன்றையும் விட்டுவிட்டு செமினரியை மட்டும் பார்த்தால் ஒரு கட்டடமும் நூலகமும்தான் தெரியும். குமரி மாவட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிரஸ்பிட்டேரியன் சபையில் ஆயர் தனியாக ஆள முடியாது. ஒவ்வொரு சபையிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அபிஷேகம் பெற்ற மூப்பர்கள் இருக்கிறார்கள். ஆயரும் மூப்பர்களும் சேர்ந்த குழுதான் சபையை நடத்துகிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள சபைகளின் ஆயர்களும் மூப்பர்களும் கூடுகிற சங்கத்துக்குப் பிரஸ்பிட்டரி என்று பெயர். மேலே பேராயர் கிடையாது. யாரை ஆயராக அபிஷேகம் செய்வது, யாரை எங்கே அனுப்புவது, யாரை விலக்குவது என்று முடிவு செய்வது அந்தச் சங்கம். சீர்திருத்தவாதி ஜான் கால்வின் ஜெனீவாவில் 1559-ல் அக்காடமி தொடங்கியதில் இருந்தே இந்த மரபுக்குப் படித்த ஆயர் வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. வேதத்தை விளக்குகிறவன் அதை மூல மொழியில் படிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தப் பிடிவாதம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு, லண்டனில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் என்ற இறையியலாளர் சங்கம் தயாரித்து ஸ்காட்லாந்து சபை 1645-ல் ஏற்றுக்கொண்ட ஒழுங்குமுறையைப் பார்க்கலாம். அபிஷேகம் பெற வருகிறவனுக்கு 24 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் வேதத்தை வாசித்துக் காட்ட வேண்டும், அதில் ஒரு பகுதியை லத்தீனில் சொல்ல வேண்டும். அவன் நடத்தையும் விசாரிக்கப்படும். இதெல்லாம் முடிந்தால் அவன் வேலை செய்யப்போகிற சபைக்கே அனுப்புவார்கள். அங்கே மூன்று நாள் பிரசங்கம் செய்து, மக்களோடு பேசிப் பழக வேண்டும். மூன்றாவது நாள் பிரஸ்பிட்டரியில் இருந்து ஒரு அறிவிப்பு வரும். அதைச் சபையில் வாசித்துவிட்டு ஆலயக் கதவில் ஒட்டுவார்கள். இந்த ஆள் மேல் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால், குறிப்பிட்ட நாளில் வந்து சாந்தத்தோடு சொல்லுங்கள் என்று அதில் இருக்கும்.

அந்தக் கதவில் ஒட்டிய காகிதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படிப்புக்கு மதிப்பெண் போட்டது அறிஞர்கள். ஆனால் கடைசியாக வாய் திறக்கும் உரிமை, பக்கத்து வீட்டில் மாடு வளர்க்கிற விசுவாசிக்கும் இருந்தது. அறிவும் வேண்டும், மக்கள் சம்மதமும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே முறையில் சேர்ந்ததுதான் பிரஸ்பிட்டேரியன் பயிற்சியின் உயிர் என்பேன்.

சரி, உங்கள் நண்பர் கேட்கிற "அபிஷேகமா, படிப்பா" என்ற கேள்விக்கு வருவோம். இது நம்ம ஊர் கன்வென்ஷன் பந்தலில் பிறந்த கேள்வி இல்லை. அமெரிக்காவில் பிரஸ்பிட்டேரியன் சபையையே அது ஒருமுறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பென்சில்வேனியாவில் வில்லியம் டெனன்ட் என்ற ஆயர், தன் வீட்டுப் பக்கத்தில் மரக்கட்டைகளால் ஒரு குடில் கட்டி, தன் பிள்ளைகளையும் வேறு சில இளைஞர்களையும் ஊழியத்துக்குப் பயிற்றுவித்தார். மரக்கட்டைக் கல்லூரி என்று மற்றவர்கள் அதை இளக்காரமாகச் சொன்னார்கள். அங்கே படித்தவர்களிடம் அனல் இருந்தது, பட்டம் இல்லை. பெரிய கல்லூரிகளில் பட்டம் வாங்காதவர்களைச் சங்கமே பரீட்சை செய்த பிறகுதான் ஏற்க வேண்டும் என்று 1738-ல் ஒரு விதி வந்தது. டெனன்டின் மகன் கில்பர்ட், மனந்திரும்பாத ஆயர்களால் சபைக்கு வரும் ஆபத்தைப் பற்றி 1740-ல் ஒரு பிரசங்கம் செய்தார். நெருப்பு பற்றிக்கொண்டது. 1741-ல் சபை பிரிந்தது, 1758-ல்தான் மறுபடி ஒன்று சேர்ந்தது.

சேர்ந்தபோது யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், இரண்டு பேருமே. அனலைக் கேட்ட அணிதான் 1746-ல் நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அதுதான். எழுப்புதலுக்காக நின்றவர்களே படிப்புக்குக் கல்லூரி கட்டினார்கள். உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள்.

பிரின்ஸ்டன் இறையியல் செமினரி தனியாகத் தொடங்கியது 1812-ல். எல்லாப் பிரஸ்பிட்டரிகளுக்கும் மேலான பொதுச் சங்கமே தீர்மானித்து, சபை மேற்பார்வையில் தொடங்கிய செமினரி அது. மேற்பார்வைக் குழுவில் ஆயர்களோடு மூப்பர்களும் இருந்தார்கள். முதல் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் அலெக்சாண்டர். வகுப்பு நடந்தது அவர் வீட்டில், தொடக்கத்தில் மாணவர்கள் மூன்றே பேர். படிப்பு மூன்று வருடம் என்று அப்போதே வகுத்தார்கள், இன்றும் பெரும்பாலான பிரஸ்பிட்டேரியன் செமினரிகளில் ஆயர்களுக்கான எம்.டிவ். என்ற பட்டப்படிப்பு மூன்று வருடம்தான்.

பிரின்ஸ்டனில் எனக்கு மிகவும் பிடித்தது பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று. ஞாயிறு பிற்பகலில் பேராசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாக உட்காருவார்கள். அந்த வாரத்துக்கு ஒரு பொருள்: ஜெபம், சோதனை, மனச்சோர்வு, சாவுக்கு ஆயத்தம், இந்த மாதிரி. மாணவர்களும் பேசுவார்கள், கடைசியில் பேராசிரியர்கள் பேசுவார்கள். வாரம் முழுக்க எபிரெய வினைச்சொல்லில் உதைபட்ட பையன், அதே ஆசிரியர் தன் ஆத்துமாவைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவதை அன்றைக்குப் பார்ப்பான். சார்ல்ஸ் ஹாட்ஜ் போன்ற கறாரான அறிஞர்களும் இதைப் பல்லாண்டு காலம் விடாமல் நடத்தினார்கள். செமினரிக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. எந்த இறையியல் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும், அங்கே இப்படி ஒரு நேரம் இருக்கிறதா, ஆசிரியர்கள் மாணவர்களோடு ஜெபிக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

நம் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு சாட்சியும் உண்டு. லெஸ்லி நியூபிகின் கேம்பிரிட்ஜில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில், அதாவது இங்கிலாந்து பிரஸ்பிட்டேரியன் சபையின் செமினரியில், 1933 முதல் 1936 வரை படித்தார். அங்கே ரோமர் நிருபத்தைக் கிரேக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்ததுதான் தன்னைச் சிலுவையின் சுவிசேஷத்துக்கு ஆழமாகத் திருப்பியது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். எடின்பரோ பிரஸ்பிட்டரி அவரை 1936-ல் அபிஷேகம் செய்தது. சென்னைக்கு வந்தார், தமிழ் படித்தார், காஞ்சிபுரத்தில் வேலை செய்தார். 1947 செப்டம்பர் 27-ம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரம் பேராயர் ஆனார். பேராயரே வேண்டாம் என்ற மரபில் பயின்றவர் பேராயராகி, அந்தப் பொறுப்பைச் சங்கத்தோடு சேர்ந்து சுமந்து காட்டினார். செமினரி அவருடைய விசுவாசத்தை எடுத்துவிடவில்லை, வேர் பிடிக்க வைத்தது.

இன்றைய நடைமுறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரிய பிரஸ்பிட்டேரியன் சபையில் ஒருவர் ஆயராக விரும்பினால், முதலில் அவருடைய சபையின் மூப்பர் குழு அவரைச் சிபாரிசு செய்ய வேண்டும். பிறகு பிரஸ்பிட்டரி அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். படிக்கும் காலம் முழுக்க அவரைச் சந்தித்துப் பேசி வளர்ச்சியைக் கவனிக்கும். செமினரியில் கிரேக்கம், எபிரெயம், வேத விளக்கம், சபைச் சரித்திரம், இறையியல், பிரசங்கக் கலை எல்லாம் உண்டு. ஒரு சபையில் களப்பணி உண்டு. பலர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருந்து ஆத்தும பராமரிப்புப் பயிற்சியும் எடுக்கிறார்கள். செமினரி கொடுக்கும் பட்டம் மட்டும் போதாது. வேத அறிவு, வேத விளக்கம், இறையியல், ஆராதனையும் திருவிருந்தும், சபை ஆட்சிமுறை ஆகியவற்றில் சபை தனியாகப் பரீட்சை வைக்கிறது. எல்லாம் முடிந்த பிறகும், ஏதாவது ஒரு சபை அவரை அழைக்க வேண்டும், பிரஸ்பிட்டரி அதற்குச் சம்மதிக்க வேண்டும். ஆட்சிமுறையை ஒரு பரீட்சையாகவே வைத்திருப்பதைக் கவனியுங்கள். கூட்டத்தை எப்படி நடத்துவது, கருத்து வேறுபாட்டை எப்படிக் கையாள்வது, எதில் தன் அதிகாரம் முடிகிறது என்பது ஆயருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. இந்த முறை மெதுவானது, செலவு பிடிப்பது. அமெரிக்க எல்லைப்புறத்தில் மக்கள் மேற்கே குடியேறிக்கொண்டிருந்த காலத்தில் படித்த ஆயருக்காகப் பிரஸ்பிட்டேரியன் சபைகள் காத்திருந்தன. பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட் பிரசங்கிகள் குதிரையில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கென்டக்கி பக்கத்தில் படிப்புத் தகுதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று கேட்டவர்களோடு மோதல் வந்து, 1810-ல் கம்பர்லாந்து பிரஸ்பிட்டேரியன் என்று ஒரு சபையே தனியாகப் போனது. படிப்பு மட்டும் அதற்குக் காரணம் இல்லை, ஆனால் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. அப்புறம், செமினரி சண்டை சபைச் சண்டையாக மாறும் ஆபத்தும் இந்த மரபில் அதிகம். பிரின்ஸ்டனின் நிர்வாகம் மாற்றப்பட்டபோது அங்கே பேராசிரியராக இருந்த கிரெஷம் மேச்சன் வெளியேறி 1929-ல் பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரியைத் தொடங்கினார். சில வருடங்களில் தனிச் சபையும் வந்தது. கொரியாவிலும் 1950-களில் பிரஸ்பிட்டேரியன் சபை மறுபடி மறுபடி பிரிந்தது. பிரிந்த அணிகளுக்கெல்லாம் தனித்தனிச் செமினரிகள். ஆசிரியர்களுக்குள் ஏற்படும் பிளவு ஒரு தலைமுறைக்குள் கிராமத்துச் சபை வரைக்கும் இறங்கி வந்துவிடும்.

ஆனாலும் கொரியாவின் தொடக்கத்தை நாம் படிக்க வேண்டும், நமக்குச் சங்கடமாக இருந்தாலும். சாமுவேல் மொஃபெட் என்ற மிஷனெரி 1890-ல் கொரியாவுக்குப் போனார். 1901-ல் பியாங்யாங்கில் தன் வீட்டில் செமினரி தொடங்கினார். 1907-ல் ஏழு கொரியர்கள் படித்து முடித்தார்கள். அதே வருடம் கொரியாவின் முதல் பிரஸ்பிட்டரி கூடி அந்த ஏழு பேரையும் ஆயர்களாக அபிஷேகம் செய்தது. அவர்களில் கில் சன்ஜூ, அந்த வருடம் பியாங்யாங்கில் வந்த எழுப்புதலின் முக்கியப் பிரசங்கி. இன்னொருவர் இ கிபுங், இளம் வயதில் மொஃபெட் மேல் கல் எறிந்தவர். புதிதாகப் பிறந்த சபை தன் ஏழு ஆயர்களில் ஒருவரான அவரையே ஜேஜு தீவுக்கு மிஷனெரியாக அனுப்பியது. மொஃபெட் போய் இறங்கியதில் இருந்து பதினேழு வருடத்துக்குள் இவ்வளவும் நடந்தது. சீனாவில் வேலை செய்த மிஷனெரி ஜான் நீவியஸ் சொல்லிக்கொடுத்த வழி இதற்குப் பின்னால் இருந்தது. அவரும் பிரின்ஸ்டன் செமினரியில் படித்தவர்தான். ஆயருக்கு உள்ளூர்ச் சபையே சம்பளம் கொடுக்கட்டும், எல்லா விசுவாசிகளுக்கும் வேதபாட வகுப்பு நடக்கட்டும், அந்த வகுப்புகளில் இருந்து தலைவர்கள் எழும்பட்டும் என்பது அதன் சாரம். செமினரிக்கு வந்த ஏழு பேரும் ஏற்கெனவே சபைகளில் வேலை செய்து பக்குவப்பட்டவர்கள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். இங்கே புராட்டஸ்டன்ட் மிஷன் வேலை 1806-ல் லண்டன் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததில் இருந்து தொடங்குகிறது. அவரை அழைத்து வந்த மகராசன் வேதமாணிக்கம்தான் நம்முடைய முதல் சபைத் தலைவர். 1816-ல் ரிங்கல்தௌபே போனபோது சபைகளை இவர் பொறுப்பில்தான் விட்டுப் போனார். அடுத்து வந்த சார்ல்ஸ் மீட் காலத்தில் நாகர்கோவில் செமினரி தொடங்கியது. அது வளர்ந்து 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அந்தச் செமினரியில் இருந்தும் மிஷன் பள்ளிகளில் இருந்தும் உபதேசிமாரும் வாத்தியார்மாரும் வந்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடப்படாத மக்களின் பிள்ளைகள் அவர்கள். தோள்சீலைப் போராட்டத்தின் நாட்களில் ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டபோது அடியும் சிறையும் பட்டவர்களில் உபதேசிமார் உண்டு. செமினரி இந்த மண்ணில் செய்த முதல் காரியம், தலை நிமிர்ந்து நிற்கத் தெரிந்த மனிதரை உருவாக்கியது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பது பெரிய நஷ்டம்.

ஆனால் லண்டன் மிஷனெரிமார், நம் ஆட்களை ஆயர்களாக அபிஷேகம் செய்ய 1860-கள் வரை காலம் எடுத்துக்கொண்டார்கள். வேதமாணிக்கம் போன்றவர்கள் சபைகளை நடத்திக் காட்டிய பிறகும் அரை நூற்றாண்டு. கொரியாவின் பதினேழு வருடத்தோடு வைத்துப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. காலம் வேறு, நாடு வேறு, சாதிக் கொடுமையின் சூழல் வேறு என்பதெல்லாம் உண்மை. என்றாலும், "இவர்கள் இன்னும் தயாராகவில்லை" என்று நினைக்கிற மிஷன், தயார்படுத்துகிற வேலையையும் மெதுவாகத்தான் செய்யும்.

நம்மிடம் பிரஸ்பிட்டேரியன் ரத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. லண்டன் மிஷன் சபைகள் அடிப்படையில் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தவை, ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை உண்டானபோது ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்களும், அதே ஒழுங்கைச் சேர்ந்த ஆற்காட்டு அமெரிக்க மிஷன் சபைகளும், நம் திருவிதாங்கூர் லண்டன் மிஷன் சபைகளும் ஒன்றாயின. 1947-ல் ஆங்கிலிக்கன்களும் மெத்தடிஸ்ட்களும் சேர்ந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆனது. தென் கேரளப் பேராயத்தில் இருந்து குமரிப் பேராயம் 1959-ல் பிரிந்தது. ஆகவே நம் சபைக் கமிட்டியும் பேராய மன்றமும் அதற்கு மேலான சினாடு என்ற சபை மன்றமும் வெறும் நிர்வாக ஏற்பாடு இல்லை. ஆயரும் விசுவாசிகளும் சேர்ந்து உட்கார்ந்து தேவ சித்தத்தைத் தேடும் பிரஸ்பிட்டேரியன் பழக்கம் அதற்குள் ஒரு இழையாக ஓடுகிறது.

ஆனால் அந்த இழைக்கு நாம் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆயருக்குப் படிக்க இடம் இருக்கிறது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-ல் இருந்து இருக்கிறது. திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய இறையியல் செமினரி 1943-ல் தொடங்கியது. பெங்களூரில் 1910-ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவிலிலேயே லூத்தரன் சபையின் கன்கார்டியா செமினரி இருக்கிறது. கமிட்டி உறுப்பினருக்கு என்ன இருக்கிறது? தேர்தல் வருகிறது, ஓட்டு கேட்கிறோம், ஜெயிக்கிறோம். அடுத்த வாரமே மேசையைச் சுற்றி உட்காருகிறோம். கணக்கு வாசிப்பு, காம்பவுண்டு சுவர், மைக் செட், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம். மூன்று மணி நேரம் போய்விடும். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டியைப் பற்றியோ, பத்தாம் வகுப்போடு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட பையன்களைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது. அந்தக் கூட்டத்தில் இருக்கும் யாரும் கெட்டவர்கள் இல்லை. மூப்பரின் வேலை என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஒரு ஆயரும் பயிற்சியே இல்லாத பதினைந்து பேரும் உட்காரும் இடத்தில், ஒன்று ஆயர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுவார், இல்லை என்றால் பதினைந்து பேரும் இரண்டு கட்சி ஆகிவிடுவார்கள். இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இதற்கு வழி காட்டுகிற சபை நம் நாட்டிலேயே இருக்கிறது. மிசோரமில் பெரிய சபை பிரஸ்பிட்டேரியன் சபைதான். ஐசால் இறையியல் கல்லூரி 1907-ல் இருந்து நடக்கிறது. அங்கே ஒரு ஆயருக்குப் பல ஊர்ச் சபைகள். ஆயர் எல்லா ஞாயிறும் எல்லா ஊருக்கும் போக முடியாது. அதனால் ஊர்ச் சபையை அன்றாடம் நடத்துகிறவர்கள் மூப்பர்கள்தான். உபா என்று அவர்களை மரியாதையாக அழைப்பார்கள். ஆராதனை நடத்துவது, வீடு சந்திப்பது, துக்க வீட்டில் நிற்பது எல்லாம் அவர்கள். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் பெண்கள் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுக்கும் வழக்கம் அந்தச் சபையின் முதுகெலும்பு. நம் பாட்டிமார் எடுத்து வைத்த பிடியரிசியேதான். நம் ஊரில் அது பல இடங்களில் மங்கிவிட்டது, அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு உதாரணம் தூரத்தில் இருந்து. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் பிரஸ்பிட்டேரியன் செமினரி தலைநகரில் இருந்தது. அங்கே வந்து படித்த கிராமத்துப் பையன்களில் பலர் திரும்பிப் போகவில்லை. கிராமத்தில் ஏற்கெனவே தலைவர்களாக இருந்த நடுவயதுக்காரர்களால் குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுவிட்டு நகரத்துக்கு வர முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ரால்ஃப் வின்டரும் ஜேம்ஸ் எமரியும் வேறு சிலரும் செமினரியைக் கிராமப் பக்கம் கொண்டுபோனார்கள். அதுவும் போதவில்லை என்றதும், மாணவர் இருக்கும் இடத்துக்கே ஆசிரியர் வாரா வாரம் போக ஆரம்பித்தார். மாணவர்கள் வீட்டில் தாங்களே படிக்கும்படி புத்தகங்களை எழுதினார்கள். சந்திப்பில் பாடம் நடத்துவதற்குப் பதிலாக, படித்ததைப் பற்றியும் அந்த வாரம் சபையில் நடந்ததைப் பற்றியும் பேசினார்கள். விரிவாக்க இறையியல் கல்வி என்று உலகம் முழுக்கப் பரவியது இதுதான். இந்தியாவில் 1971-ல் டாஃப்டீ என்ற பெயரில் பெங்களூரில் இருந்து தொடங்கியது. இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டும் வெளிநிலையில் படிக்கும் இறையியல் படிப்புகளை விசுவாசிகளுக்கு வைத்திருக்கிறது.

நம் மாவட்டத்தில் இது எவ்வளவு பொருந்தும் என்று யோசியுங்கள். அருமனைப் பக்கம் விடிவதற்கு முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர் பகலில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தக்கலையில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிற அக்காவுக்குச் சனிக்கிழமை இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் மதுரைக்குப் போய் நான்கு வருடம் விடுதியில் தங்க முடியாது. ஆனால் வாரம் ஒரு மாலை, பக்கத்துச் சபையில் பத்துப் பேரோடு உட்கார்ந்து மாற்கு சுவிசேஷத்தையும் சபைச் சரித்திரத்தையும் துக்க வீட்டில் பேசுவது எப்படி என்பதையும் படிக்க முடியும். இறையியல் கல்லூரியில் படித்த ஆயர் அந்த வகுப்பை நடத்தினால், அவர் படித்த படிப்புக்கும் அர்த்தம் வந்துவிடும். நல்ல செமினரிக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்றுதான்: அங்கே படித்து வந்தவர் தனக்குப் பக்கத்தில் எத்தனை தலைவர்களை உருவாக்கினார்?

தம்பி, இனி உங்கள் காரியம். ஊழிய அழைப்பு உண்மை என்றால் படிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் எங்கே படிப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். ஒரு வருடத்தில் பட்டம், இரண்டு வருடத்தில் டாக்டர் என்று விளம்பரம் செய்கிற இடங்கள் நம் மாவட்டத்தில் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. செராம்பூர் செனட்டோடோ ஆசிய இறையியல் கழகத்தோடோ இணைப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரஸ்பிட்டேரியன் மரபிலேயே படிக்க விரும்பினால் டேராடூனில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் செமினரி இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. ஆயராக வேண்டும் என்றால் பேராயம் தேர்வு செய்து, அது அனுப்புகிற கல்லூரியில் படிப்பதுதான் வழி. நீங்களாகவே வெளியே படித்துவிட்டு வந்தால் சிக்கல் வரலாம். பிரின்ஸ்டன் கனவு இருந்தால், முதலில் இங்கே பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பை முடியுங்கள், தமிழ்ச் சபையில் சில வருடம் வேலை செய்யுங்கள், அப்புறம் மேல்படிப்புக்குப் போகலாம். இங்கே ஒரு மரண வீட்டில் நடுராத்திரியில் நின்று பழகாதவருக்கு அங்கே கற்கும் இறையியல் காற்றில் நிற்கும்.

முதல் வேலையாக உங்கள் ஆயரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் சபை உங்களை அறிந்து அனுப்ப வேண்டும். பிரஸ்பிட்டேரியன்கள் இதைத்தான் முதல் படியாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் அம்மா அப்பாவிடமும் மனம் விட்டுப் பேசிவிடுங்கள். கண்ணம்மூலை உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், மாணவர்களோடு சாப்பிட்டுப் பேசுங்கள்.

அதற்கு இடையில், நீங்கள் இப்போதே கமிட்டி உறுப்பினர் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த கூட்டத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: கணக்கு வாசிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம், தீத்து முதலாம் அதிகாரத்தில் மூப்பரைப் பற்றி எழுதியிருப்பதைச் சேர்ந்து வாசிப்போம், அப்புறம் சபையில் சுகமில்லாதவர்களின் பெயர்களைச் சொல்லி யார் யாரைச் சந்திப்பது என்று பங்கிட்டுக்கொள்வோம். முதல் தடவை சிலர் முகம் சுளிப்பார்கள், விட்டுவிடாதீர்கள். ஆயர் நிச்சயம் உங்கள் பக்கம் நிற்பார், பெரும்பாலான ஆயர்கள் இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் காத்திருக்கிறார்கள். கிரேக்க எழுத்துகளையும் இப்போதே எழுதிப் பழகத் தொடங்குங்கள். பி.டி.யில் சேர்ந்த முதல் பருவத்தில் மாணவர்கள் அதிகம் திணறுவது அதில்தான்.